வென்றாரும் தோற்றாரும் இல்லாத கணக்குத் திருவிழா

(சுருளிப்பட்டியில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இவ்வூரின் விடியலை அறியாதார் இவ்வவையில் எவரும் இலர். கோழி கூவுமுன் அடுப்பு மூட்டி, கதிரவன் மலைமுகட்டைத் தொடுமுன் கொடிப்பந்தலுக்குள் குனிந்து நுழையும் பெண்டிர் வாழும் ஊர் இது. திராட்சை என்று பிறசொல்லால் வழங்கும் கொடிமுந்திரியின் குலைகளைக் கத்தரித்து, பழுதுற்ற பழங்களைக் களைந்து, பெட்டியில் அடுக்கி, இத்தனை பெட்டிக்கு இவ்வளவு கூலி, முன்பணத்தில் கழிந்தது இவ்வளவு, கடைக்குக் கொடுக்க வேண்டியது இவ்வளவு, எஞ்சுவது இவ்வளவு என்று தாளும் எழுதுகோலும் இல்லாமலே கணக்கு முடிப்பவர்கள் அவர்கள். கம்பத்துப் பன்னீர்க் கொடிமுந்திரிக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனைக் கொய்யும் கைகளுக்குள்ளே எத்துணைக் கணக்கறிவு அடங்கிக் கிடக்கின்றது என்பதற்குக் குறியீடு தருவார் எவரும் இலர்.

அத்தாயின் மகள் மாலையில் பள்ளியிலிருந்து வருகின்றாள். பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, “எனக்குக் கணக்கு வராதம்மா” என்கின்றாள்.

வராது! இச்சொல்லை அக்குழந்தைக்குக் கற்பித்தவர் யார்? தாய் கற்பிக்கவில்லை, தாய்க்குக் கணக்கு வருகின்றது. பாட்டி கற்பிக்கவில்லை, பாட்டி பல்லாங்குழியில் எதிராளியின் அடுத்த எடுப்பு எங்கே முடியும் என்று குழியைப் பார்த்தவுடன் சொல்வாள். எனின், வராது என்னும் இச்சொல் எங்கிருந்து வந்தது? இவ்வுரை இவ்வொரு வினாவைப் பற்றியது. அதற்கு விடையாகப் பிள்ளைகளுக்கென ஒரு விழாவைப் பற்றியது.

பள்ளியில் கணக்கு என்பது பெரும்பாலும் முந்துவோரைக் கண்டறியும் முறையாகவே நடக்கின்றது. யார் முதலில் கை தூக்கினார்? யார் நூற்றுக்கு நூறு? யார் முதற் பரிசு? அறுபது பிள்ளைகள் எழுதும் போட்டியில் மூவர் மேடையேறுவர். எஞ்சிய ஐம்பத்தெழுவரும் அன்று கற்றுக்கொண்டு வீட்டிற்குச் செல்லும் பாடம் ஒன்றே ஒன்றுதான்: கணக்கு நமக்குரியது அன்று, அம்மூவர்க்குரியது.

போட்டியே கூடாது என்பது இவ்வுரையின் கருத்தன்று. அங்கேரி நாட்டில் 1894-இல் பள்ளி முடித்த மாணவர்க்குக் கணக்குப் போட்டி தொடங்கப்பெற்றது. அதனால் பேரறிஞர் பலர் வெளிப்பட்டனர். 1959-இல் உருமேனியாவில் உலகநாட்டு மாணவர் கணக்குப் போட்டி தொடங்கியது. அதில் இந்தியா 1989 முதல் பங்கேற்கின்றது. ஓடக்கூடிய பிள்ளைக்கு ஓட்டக்களம் வேண்டும். அதனை எவரும் மறுக்கவில்லை. ஆனால், நடக்கத் தொடங்கும் பிள்ளையை ஓட்டக்களத்தில் நிறுத்தி, கடைசியாக வந்தாய் என்று முத்திரையிடுவது கல்வியாகுமா? சல்லடை நல்ல கருவிதான். மணல் சலிக்க உதவும். பிள்ளைகள் மணல் அல்லர்.

திருவிழா என்னும் சொல்லையே எண்ணிப் பாருங்கள். ஊர் கூடித் தேர் இழுக்கின்றது. வடம் பிடித்தாருள் முதலாமவர் யார், இரண்டாமவர் யார் என்று எவரேனும் கேட்பதுண்டா? வலியவன் வலிவுக்கேற்ப இழுக்கின்றான். சிறுவன் வடத்தைத் தொட்டுக்கொண்டு நடக்கின்றான். தேர் நிலைக்கு வந்ததும் இருவரும் ‘நாம் இழுத்தோம்’ என்கின்றனர். கணக்குக்கு அத்தகைய விழா ஒன்று உண்டா எனின், உண்டு.

வட அமெரிக்க நாட்டில் 2007-ஆம் ஆண்டிலிருந்து சூலியா இராபின்சன் கணக்குத் திருவிழா என்னும் பெயரில் பிள்ளைகளுக்கான விழா நடந்து வருகின்றது. நான்சி பிளாக்குமன் என்னும் அம்மையார் அதனைத் தொடங்கினார். அங்கே மேடை இல்லை, முதற் பரிசு இல்லை, காலவரை இல்லை. பல பலகைகள் இடப்பட்டிருக்கும். ஒவ்வொரு பலகையிலும் ஒரு புதிர் இருக்கும். பிள்ளை விரும்பிய பலகைக்குச் செல்லலாம், தனித்து எண்ணலாம், கூடி எண்ணலாம், ஒரே புதிரோடு விழா முடியும்வரை அமர்ந்திருக்கலாம், பிடிக்கவில்லையெனில் எழுந்து அடுத்ததற்குப் போகலாம். பலகைக்கு ஒரு பெரியவர் இருப்பார். அவர் விடை சொல்லமாட்டார். வினா மட்டுமே கேட்பார்.

அவ்விழாவிற்குப் பெயர் தந்த சூலியா இராபின்சன் யார்? 1919-இல் பிறந்து 1985-இல் மறைந்த கணக்கறிஞர். ஒன்பதாம் அகவையில் கடுங்காய்ச்சல் கண்டு, அதனைத் தொடர்ந்து வந்த நோயினால் இரண்டாண்டுக்கு மேல் பள்ளிக்கே செல்ல இயலாதிருந்த குழந்தை அவர். முந்துவோரை மட்டும் எண்ணும் பள்ளியில் அக்குழந்தையின் இடம் எதுவாக இருந்திருக்கும்? அவரே பின்னாளில், 1983-இல், அமெரிக்கக் கணக்கறிஞர் கழகத்தின் முதற் பெண் தலைவரானார்.

அவர் வாழ்வில் மற்றொரு செய்தி உண்டு. அதுவே இவ்விழாவின் உயிர். செருமானிய அறிஞர் தாவீது இல்பெர்ட்டு 1900-இல் கணக்குலகின்முன் வைத்த பெரும்புதிர்களுள் பத்தாவதை அவ்வம்மையார் இருபதாண்டுக் காலம் உள்ளத்தில் சுமந்தார். பெரும்பகுதி வழியை அவரும் உடனுழைத்த இருவரும் கடந்துவிட்டனர். இறுதி ஓரடி எஞ்சியிருந்தது. 1970-இல் உருசிய இளைஞர் ஒருவர், யூரி மத்தியாசேவிச்சு என்பவர், தம் இருபத்திரண்டாம் அகவையில் அவ்வடியை எடுத்து வைத்துவிட்டார். அமெரிக்காவும் உருசியாவும் ஒன்றையொன்று பகைத்து நின்ற காலம் அது. அவ்வம்மையார் பொறாமையால் புழுங்கினாரல்லர். அவ்விளைஞர்க்கு வாழ்த்து மடல் எழுதினார். பின்னர் இருவரும் கடல் கடந்து மடல் பரிமாறி, இணைந்து ஆய்ந்து, இணைந்தே கட்டுரை வெளியிட்டனர். அவருக்குப் புதிர் அவிழ்ந்ததே மகிழ்ச்சி. அவிழ்த்த கை எவருடையதாயினும் ஒன்றே. உண்மையான கணக்கறிவு இவ்வாறுதான் வளர்கின்றது. போட்டித்தாள் இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

இஃது அயல்நாட்டுச் சரக்கு அன்றோ என்று ஐயுறுவார் இருக்கலாம். தமிழ்மண்ணிலும் இவ்வழியில் உழைத்தோர் உண்டு. சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப்பள்ளியில் கணக்காசிரியராக விளங்கிய பி.கே. சீனிவாசன் அவர்களை நன்றியோடு நினைத்தல் வேண்டும். இராமானுசன் எழுதிய மடல்களையும் அவரைப் பற்றிய நினைவுகளையும் தேடித் திரட்டி 1968-இல் நூலாக்கியவர் அவர். பிள்ளைகள் தம் கைகளால் கணக்கைச் செய்து காண வேண்டும் என்பதற்காகவே வாழ்ந்தவர். சென்னை இராயபுரத்தில் 1993-இல் அமைந்த இராமானுசன் அருங்காட்சியகமும் கணக்குக் கல்வி நடுவமும் அவர் உழைப்பின் சின்னம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் 1987 முதல் சிறுவர்க்கு அறிவியலைத் தமிழில் ஊட்டி வருகின்றது. அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கென 2022 நவம்பர் 28-இல் திருச்சிராப்பள்ளியில் வானவில் மன்றம் தொடங்கப்பெற்றது. அறிவியலையும் கணக்கையும் கைச்செயலாகக் காட்டுவது அதன் நோக்கம். வித்து உள்ளது, நிலமும் உள்ளது. ஊரார் நீர் பாய்ச்சுதலே வேண்டுவது.

இராமானுசன் வாழ்வையே காண்போம். 1887 திசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்த அவர், குடந்தை அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கிப் பிற பாடங்களில் தவறியதால் அவ்வுதவியை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் தேர்வில் தேறினாரல்லர். அவரே 1918-இல் இலண்டன் அரசக் கழகத்தின் உறுப்பினரானார். தேர்வு அளந்தது வேறு. அவரிடம் இருந்தது வேறு. அவர் பிறந்த நாளை நாட்டுக் கணக்கு நாளாகக் கொண்டாடுவதென 2011-இல் அறிவிக்கப்பெற்றது. அந்நாளிலும் பள்ளிகள் பலவற்றில் நடப்பது யாது? மீண்டும் ஒரு போட்டி. மீண்டும் மூவர்க்குப் பரிசு!

சுருளிப்பட்டியில் அவ்விழா எவ்வாறு இருக்கும்? பலகைகள் வேண்டா, மரநிழலில் பத்துப் பாய்கள் போதும். ஒவ்வொரு பாயிலும் ஒரு கூடை புளியங்கொட்டை போதும்.

முதற்பாய், பந்தற்பாய். வினா இது: கொடிப்பந்தலுக்குக் கல்தூண் நட வேண்டும். நீளத்தில் பத்துக் கட்டம், அகலத்தில் பத்துக் கட்டம். கட்டத்தின் மூலைதோறும் ஒரு தூண். எத்தனைத் தூண்? பத்தைப் பத்தால் பெருக்கி, நூறு என்று ஒரு சிறுமி சொல்கின்றாள். போட்டியாயின் அவள் கதி முடிந்தது. தாளில் சிவப்புக் கோடு விழும். விழாவில் பெரியவர் தவறு என்று சொல்வதில்லை. “ஒரே ஒரு கட்டமாயின் எத்தனைத் தூண், கொட்டையை வைத்துப் பார்” என்கின்றார். வைக்கின்றாள்; நான்கு. இரண்டுக்கு இரண்டாயின்? ஒன்பது. மூன்றுக்கு மூன்றாயின்? பதினாறு. சிறுமியின் புருவம் உயர்கின்றது. கட்டத்தைவிடத் தூண் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று கூடுகின்றதே! அவ்வாறாயின் பதினொன்றைப் பதினொன்றால் பெருக்க வேண்டும், 121 தூண்! எவரும் சொல்லவில்லை; அவளே கண்டாள். நூறு என்ற அவளது பிழையே அவளுக்கு ஆசானாயிற்று. கொடி கட்டும் அவள் தந்தை அவ்வுண்மையை நிலத்தில் கண்டவர். அன்று இரவு அவ்வீட்டில் தந்தையும் மகளும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவர். இதனைவிடச் சிறந்த பரிசு யாது?

இரண்டாம் பாய், கோலப்பாய். ஒரு புள்ளியில் தொடங்கி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என வளர்ந்து, மீண்டும் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று எனக் குறையும் ஊடுபுள்ளிக் கோலம். மொத்தம் எத்தனைப் புள்ளி? எண்ணினால் 25. பெரிய புள்ளிவரிசை ஆறாயின் 36. ஏன் எப்போதும் ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கினாற்போல வருகின்றது? கோலத்தைச் சாய்வாக நின்று பார்த்த பிள்ளை கூவுவாள்: “இது சாய்த்து வைத்த கட்டம், ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து!” நாள்தோறும் வாயிலில் அதனை இட்ட தாய், தன் கையில் இருந்ததைத் தானே புதிதாய்க் காண்பாள்.

மூன்றாம் பாய், கீழ்வாய்ப்பாய். ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட அளவுகளைப் பின்னம் என்று வழங்குமுன் தமிழர் கீழ்வாயிலக்கம் என்றனர். இருபதில் ஒரு பங்கு மா. எண்பதில் ஒரு பங்கு காணி. முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி. கொடிமுந்திரி விளையும் ஊரில் முந்திரி என்பது ஓர் அளவின் பெயர் என்பதைப் பிள்ளைகள் அறிந்தால் எவ்வளவு மகிழ்வர்! எண்பது கொட்டைகளைப் பரப்பி, இதுவே ஒன்று எனக் கொள்க. மா என்பது நான்கு கொட்டை. காணி என்பது ஒரு கொட்டை. இரண்டையும் சேர்த்தால் ஐந்து. எண்பதில் ஐந்து எத்தனை முறை? பதினாறு முறை. ஆகவே மாவும் காணியும் சேர்ந்தால் பதினாறில் ஒன்று. அதன் பெயர் யாது? மாகாணி! கூட்டல் பெயருக்குள்ளேயே இருக்கின்றது. ஆங்கிலச் சொல்லை நெட்டுருச் செய்து தடுமாறும் பிள்ளைக்குத் தன் மொழி தானே கணக்குப் போட்டுக் காட்டும் விந்தை இது.

நான்காம் பாய், ஆடுபுலிப்பாய். அவ்வாட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. வெற்றி தோல்வியும் உண்டு. ஆனால் இங்குக் கேட்கப்படும் வினா வேறு. ஒரு புலியை அசையாமல் அடைக்க எத்தனை ஆடு போதும்? புலி மூலையில் நின்றால் எத்தனை, நடுவில் நின்றால் எத்தனை? புலி ஆடியவனும் ஆடு ஆடியவனும் ஒரே பக்கத்தில் அமர்ந்து எண்ணுவர்.

ஐந்தாம் பாயைப் பற்றித் தமிழ்ப்பற்றுடையோர் சற்றுக் கூர்ந்து கேட்டல் வேண்டும். அது பலாப்பாய். காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்னும் நூல், பலாப்பழத்தை அறுக்காமலே சுளையறியும் வழி ஒன்றைக் கூறுகின்றது. காம்பருகே உள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைத்தொகை வரும் என்பது அது. முள் ஐம்பதாயின் சுளை அறுபது. மேடைதோறும் இதனைச் சொல்லிக் கைதட்டல் பெறுவார் பலர்; பழத்தை அறுத்துப் பார்த்தவர் எத்துணைப் பேர்? விழாவில் நான்கைந்து பழங்களை வையுங்கள். பிள்ளைகள் முள்ளை எண்ணட்டும், கணக்கிட்டு எழுதட்டும், பின்பு அறுத்துச் சுளையை எண்ணட்டும். ஒத்து வந்தால் ஏன் ஒத்தது என்று கேட்போம். ஒவ்வாவிடின் எவ்வளவு விலகியது, எந்தப் பழத்தில் விலகியது என்று கேட்போம். முன்னோர் சொன்னதை ஆய்ந்து பார்த்தல் முன்னோரைப் பழித்தலாகாது. அவர்களும் பழத்தைக் கண்ணால் கண்டு எண்ணியவர்களே. ஆய்வுக்கு அஞ்சும் பெருமை பொய்ப்பெருமை. சுளையைத் தின்பதில் போட்டி வந்தாலும் வரலாம். அதனை மட்டும் விழாக்குழு மன்னிக்கும்.

இங்கே மொழியைப் பற்றி ஒன்று சொல்லியாதல் வேண்டும். பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும் எனத் தமிழ்ச்சொல் தன்னை விளக்கி நிற்கின்றது. ஆங்கிலத்தில் அவ்வெண்ணின் பெயர் அங்ஙனம் விளக்குவதில்லை. தாய்மொழியில் எண்ணும் பிள்ளைக்குச் சொல்லே படிக்கட்டு. அப்படிக்கட்டை எடுத்துவிட்டு, அயற்சொற்களைச் சுவராக எழுப்பி, அச்சுவரைத் தாண்டாத பிள்ளையைக் கணக்கு வராதவள் என்கின்றோம். வராதது கணக்கன்று, புரியாதது மொழி. ஆதலின் விழாவின் வினாக்கள் யாவும் பிள்ளை வீட்டில் பேசும் தமிழில் இருத்தல் வேண்டும். அதே வேளையில், பழம்பெயர்களைப் பதாகையில் எழுதி முழங்கிவிட்டுப் போவதும் தொண்டாகாது. மா, காணி, முந்திரி என்பன பிள்ளையின் கைவிரலில் புளியங்கொட்டையாக உருண்டால்தான் அவை உயிருள்ள சொற்கள். இல்லையேல் அவை கண்ணாடிப் பேழையில் கிடக்கும் காட்சிப் பொருள்களே.

இரண்டு ஐயங்கள் எழும். பரிசு இல்லையெனில் பிள்ளைகள் வருவரோ என்பது ஒன்று. சுருளியாற்று மணலில் வீடு கட்டும் பிள்ளைக்குப் பரிசு தருபவர் யார்? கட்டுவதே அதற்குப் பரிசு. முதன்முதல் வரும்போது சிலர், “என்ன தருவீர்கள்?” என்று கேட்கக்கூடும், அது நாம் பழக்கிய பழக்கம். ஒரு புதிர் அவிழ்ந்தபின் அவ்வினா எழாது.

வெளியுலகமே நுழைவுத் தேர்வுகளாலும் போட்டிகளாலும் நிறைந்திருக்க, இவ்விழா பிள்ளைகளை ஏமாற்றுவதாகாதோ என்பது மற்றொன்று. இது தள்ளத்தக்க ஐயம் அன்று. பொருள் படைத்தோர் பிள்ளை தனிப்பயிற்சிக்குச் செல்கின்றது. கூலிவீட்டுப் பிள்ளைக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஓராண்டில் ஒரு நாள் விழா அவ்வேற்றத்தாழ்வைப் போக்கிவிடும் என்று சொல்வது பொய்யாகும். ஆனால், எந்தத் தேர்வையும் எழுதுமுன் ஒரு பிள்ளைக்கு வேண்டுவது, விடை தெரியாத வினாவின்முன் அஞ்சாமல் அமர்ந்திருக்கும் துணிவு. அத்துணிவைப் பணம் கொடுத்து வாங்க இயலாது. பரிசும் அதனைத் தராது. பிழை செய்தும் இழிவுறாத ஓரிடத்தில் இருந்து பழகினால் மட்டுமே அது வளரும். அவ்விடத்தைத் தருவதே இவ்விழா.

ஆகவே வேண்டுகோள் எளிது. திசம்பர் 22-இலோ, பொங்கல் விடுமுறையிலோ ஒரு நாள் குறியுங்கள். பாயும் புளியங்கொட்டையும் கோலமாவும் வீட்டுக்கு வீடு உள்ளன. நெறிகள் மூன்றே. பெரியவர் விடை சொல்லலாகாது. எவர் முதலில் முடித்தார் என்று எவரும் கேட்கலாகாது. எந்தப் பிள்ளையின் பெயரும் பட்டியலில் ஏறலாகாது, மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. பாய்களில் அமர்த்த ஆசிரியர் போதாவிடின், பாட்டிமாரை அமர்த்துங்கள். கொடி கட்டுவோரையும் கொத்தனாரையும் அமர்த்துங்கள். கணக்கு யாருடையது என்பதைப் பிள்ளைகள் அன்று கண்ணால் காண்பர்.

மலைக்கப்பால் கடல்நோக்கி ஓடிய பெரியாற்று நீரை அணையிட்டுத் தேக்கி, மலையைக் குடைந்து இப்பக்கம் திருப்பினர். 1895 முதல் இப்பள்ளத்தாக்கு பசுமையாயிற்று. நீர் அதற்கு முன்னும் இருந்தது, வழிதான் இல்லை. இப்பிள்ளைகளின் அறிவும் அத்தகையதே. வழி திறப்பது ஊராரின் கடமை.

அவ்விழாவின் மாலையில் அச்சிறுமி மீண்டும் திண்ணையில் பையை வைப்பாள். “அம்மா, நம் பந்தலில் எத்தனைத் தூண் என்று எண்ணாமலே சொல்லட்டுமா?” என்பாள். வராது என்னும் சொல் அன்று அவ்வீட்டை விட்டு வெளியேறியிருக்கும்.

வாழ்க தமிழ்! வளர்க எண்ணும் எழுத்தும்!